குடியர் மக்கள்: ஒரு வினாவின் வரலாறு

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது நம் முன்னோர் வழக்கு. குடிப்பழக்கம் பற்றிய பேச்சு எழும்போது இதனைத் தந்தைக்கும் ஏற்றியுரைப்பார் உளர். குடிகாரன் பிள்ளை அடங்காப் பிள்ளையாவான், நாளடைவில் அவனும் குடிப்பான் என்னும் எண்ணம் பல நாடுகளில் மக்கள் மனத்தில் வேரூன்றிக் கிடக்கின்றது. இவ்வெண்ணம் மெய்யா, மெய்யாயின் அக்கேடு குருதிவழி வருவதா, கருப்பையில் நேர்வதா, அன்றி வீட்டுச் சூழலால் விளைவதா என்பன வேறுவேறு வினாக்கள். அவற்றை ஒன்றாக மயங்கக் கொண்டமையால் மேனாட்டறிஞர் நெடுங்காலம் இடர்ப்பட்டனர். அம்மயக்கத்தால் எத்தனையோ பிள்ளைகள் பிறக்கும்போதே பழி சுமந்தனர். அது எழுந்தவாற்றையும் சிறிது சிறிதாகத் தெளிந்தவாற்றையும் ஆராய்வது ஆசிரியத் தொழில் புரிவார்க்குப் பயனுடைத்து.

இவ்வரலாற்றை இலண்டன் மாநகரிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். 1690ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் தானியத்திலிருந்து மது வடிப்பதை ஊக்குவிக்க ஒரு சட்டம் இயற்றிற்று. நிலக்கிழார்தம் தானியத்துக்கு விலை கிடைத்தது. அரசிறைக்கு வருவாய் கிடைத்தது. ஏழைமக்களுக்கு மிக மலிந்த விலையில் ஜின் என்னும் கடுமது கிடைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் அம்மது நகரின் சந்துபொந்துகளெல்லாம் புகுந்து பரவியது. 1726ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியக் கழகத்தார் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். குடிக்கும் பெற்றோர்க்குப் பிறக்கும் மக்கள் வலிகுன்றி நோயுற்றுப் பிறக்கின்றனர் என்றும், அன்னார் நாட்டுக்குத் துணையாகாது சுமையாகின்றனர் என்றும் அதிற் கூறப்பட்டது. பிள்ளைகளைப் பற்றிய இரக்கத்தினும் படைக்கும் பட்டறைக்கும் ஆள் குறையுமே என்னும் கவலையே அதில் மிகுந்திருந்தது போலும்.

1734ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு கொடுமை நகரையே நடுங்கச் செய்தது. ஜூடித் டீபோர் என்னும் பெண், வறியோர் விடுதியிற் புத்தாடை அணிவிக்கப்பட்டிருந்த தன் இரண்டு வயதுக் குழந்தையை வெளியே கொண்டுசென்று கொன்று, அவ்வாடையை விற்று ஜின் வாங்கிக் குடித்தாள். அவள் தூக்கிலிடப்பட்டாள். 1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறை விற்பனைக்கு ஆண்டொன்றுக்கு 50 பவுண் உரிமக் கட்டணமும், கலனொன்றுக்கு 20 சிலிங் தீர்வையும் விதித்தது. மக்கள் ஜின்னுக்குப் பாடை கட்டி இழவு கொண்டாடிவிட்டு, மறைவாக விற்கப்பட்டதை வாங்கிக் குடித்தனர். 1743இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1751இல் ஹோகார்த் என்னும் ஓவியர் வரைந்து வெளியிட்ட "ஜின் சந்து" என்னும் படத்தில், படிக்கட்டிற் போதையேறி அமர்ந்திருக்கும் தாயின் மடியிலிருந்து குழந்தை தலைகீழாய் வீழ்கின்றது. தாயோ மூக்குத்தூள் எடுப்பதிற் கருத்தாயிருக்கின்றாள். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தாலும், பின்வந்த விளைச்சற் குறைவாலும் அப்பெருங்குடி தணிந்தது.

அக்காலத்தார் பெரும்பாலும் கண்ணாற் கண்ட தீங்கையே பேசினர். குடித்த தாய் குழந்தையைப் பேணாள், குடித்த தந்தை அதற்கு உணவளியான் என்பதே அவர் கூற்று. தீங்கு தலைமுறை தலைமுறையாய்த் தொடரும் என்பதை அந்நூற்றாண்டின் இறுதியிலே வற்புறுத்தியவர் எராஸ்மஸ் டார்வின் என்னும் வைத்தியர். கூர்ப்புக் கொள்கை கண்ட சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார். மதுவால் விளையும் நோய்கள் மூன்றாந் தலைமுறைவரை செல்லும், குடி நிறுத்தப்படாதாயின் அக்குடும்பமே அற்றுப்போகும் என்பது அவர் கொள்கை. குடியை மனத்தின் நோயென 1804இல் நூலெழுதிய தோமஸ் ட்ரொட்டரும், அதற்கு முன்னரே அமெரிக்காவிற் கடுமதுவின் தீமையை விரித்துரைத்த பெஞ்சமின் றஷ்ஷும் இவ்வரலாற்றிற் குறிப்பிடத்தக்கவர். 1849இல் சுவீடன் நாட்டு வைத்தியர் மாக்னஸ் ஹஸ் "அல்ககோலிசம்" என்னும் சொல்லைப் படைத்தார். ஒழுக்கக்கேடாய் இருந்தது நோயாயிற்று. நோயானபின் அது வழிவழி வருமோ என்னும் வினா தானே பிறந்தது.

அவ்வினாவுக்கு அச்சமூட்டும் விடையளித்தவர் பிரான்சு நாட்டு மனநோய் வைத்தியர் மோரல். 1857இல் வெளிவந்த அவர்தம் நூல் மனிதக்குலத்தின் சிதைவைப் பற்றியது. முதற்றலைமுறையில் ஒழுக்கக்கேடும் மிகுகுடியும். இரண்டாவதிற் குடிவெறியும் பித்தமும் வாதமும். மூன்றாவதிற் குடியில்லை, ஆயின் மனச்சோர்வும் கொலைவெறியும். நான்காவதில் அறிவின்மையும் மலடும். அத்தோடு குலம் முடியும் என்று அவர் வகுத்தார். மூன்றாந் தலைமுறைக்காரன் ஒரு துளியும் தொடாதவனாயினும் தப்பமுடியாது என்பது இவ்வகுப்பின் கொடுமை. ஒருவன் குடித்தாலும் சான்று, குடியாவிடினும் சான்று எனின், அக்கொள்கையைப் பொய்யென்று காட்டுதல் எங்ஙனம்? இவ்வினாவை அன்று எழுப்பினார் மிகச் சிலரே.

மோரலைப் படித்தார் சிலர். எமிலி சோலாவைப் படித்தார் பல்லாயிரவர். 1871 முதல் 1893 வரை சோலா எழுதிய இருபது நாவல்களும் ஒரே குடும்பத்தின் கதை. 1877இல் வந்த நாவலிற் சலவைத் தொழிலாளியான ஜெர்வேய்ஸ் குடியில் மூழ்கி மடிகின்றாள். அவள் மகள் நானா பரத்தையாகின்றாள். 1890இல் வந்த மற்றொன்றில் அவள் மகன் ஜாக், புகையிரதம் ஓட்டுபவன், பெண்களைக் கொல்லும் வெறியால் அலைக்கழிக்கப்படுகின்றான்; முன்னோர் குடித்த குடிக்குத் தான் விலை கொடுப்பதாக அவன் எண்ணுகின்றான். கதை கலைச்சிறப்புடையதே. ஆயினும் கற்பனைக் குடும்பமொன்றின் ஊழை மக்கள் மெய்ச்சான்றாகக் கொண்டமைதான் வியப்பு.

அதே 1877இல் அமெரிக்காவிலே ரிச்சர்ட் டக்டேல் என்பார் "ஜூக்ஸ்" என்று தாமே பெயர் புனைந்த ஒரு குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்டார். நியூயோர்க் மாநிலச் சிறைகளைப் பார்வையிடச் சென்ற அவர், ஒரு சிறையிலே உறவினர் அறுவர் இருக்கக் கண்டு, அவர் வழியைத் தேடி 709 பேரைப் பற்றிய குறிப்புகளைத் திரட்டினார். குடி, களவு, பரத்தைமை, இரப்பு ஆகியன அதில் நிறைந்திருந்தன. டக்டேல் சூழ்நிலையையும் வலியுறுத்தியவர்; சூழலை மாற்றின் வழியும் மாறும் என்று கருதியவர். பின்வந்தோர் அப்பகுதியை மறந்து, குடும்பப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டனர். ஒரு நூல் அதன் ஆசிரியனுக்கு எதிராகவே சான்று கூறப் பயன்பட்டதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

இவையெல்லாம் கதையும் பட்டியலுமாக இருக்க, ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைக் கையாண்டவர் லிவர்ப்பூல் சிறைச்சாலை வைத்தியர் சலிவன். 1899இல் அவர் குடிக்கு அடிமையான 120 பெண்களின் பிள்ளைப்பேற்றை ஆராய்ந்தார். அவர்கள் ஈன்ற 600 குழந்தைகளுள் 335 செத்துப் பிறந்தன அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தன. அப்பெண்களுட் சிலரின் குடியாத உறவுப் பெண்களை எடுத்துப் பார்த்தபோது, அவர்தம் பிள்ளைகளிடை அச்சாவு பாதிக்கும் குறைவாகவே இருந்தது. குலம் ஒன்று, குடி வேறு. ஆகவே வேறுபாடு குடியால் வந்தது என்பது அவர் துணிபு. அன்றியும் ஒரு தாயின் முதற்பிள்ளையினும் பின்வந்த பிள்ளைகளே மிகுதியாய் இறந்தனர். கருவுற்ற காலத்திற் சிறைப்பட்டு, மது கிட்டாதிருந்த பெண்களுக்கு நல்ல பிள்ளைகள் பிறந்தமையையும் அவர் குறித்தார். சிறைச்சாலை கருவைக் காத்தது! தீங்கு குருதியில் அன்று, கருப்பையில் நேர்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு வேண்டுவதில்லை. ஆயினும் அக்குறிப்பு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டிலே உறங்கிற்று.

அது உறங்கியதற்கு ஒரு காரணம் 1910ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த பெரும்பூசல். இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியிலிருந்த கால்ற்றன் ஆய்வுகூடத்தில் எதெல் எல்டேர்ட்டன் என்னும் பெண்மணி, புள்ளிவிபரவியல் வல்லுநர் கார்ள் பியர்சனின் துணையோடு ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். எடின்பரோவில் வறியோர் வாழும் பகுதிப் பாடசாலையொன்றின் பிள்ளைகள் 1,400 பேரைப் பற்றிய அறிக்கையும், மன்செஸ்ரரில் விசேட பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றித் திரட்டிய குறிப்புகளும் அதற்கு மூலம். குடிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அறிவிலும் உடல்நலத்திலும் குடியாதோர் பிள்ளைகளினும் குறிப்பிடத்தக்கவாறு தாழ்ந்தவரல்லர் என்பது அதன் முடிபு. மதுவிலக்கு இயக்கத்தார் திகைத்தனர்.

எதிர்த்து எழுந்தவர் இருதிறத்தார். ஒருவர் அப்போது இருபத்தேழு வயதினரான பொருளியலறிஞர் கெயின்ஸ். குடியாதவன் குடிப்பவனோடு அதே சேரியில், அதே கூலி பெற்று வாழ்கின்றான் எனின், அக்குடியாதவன் வேறேதோ குறையுடையவனாதல் வேண்டும். ஆகவே ஒப்பீடு நேரிதன்று என்றார். அவர்தம் ஆசிரியர் மார்ஷலும் பத்திரிகையில் எழுதினார். மற்றையோர் அறுவை வைத்தியர் விக்ரர் ஹோர்ஸ்லியும் மேரி ஸ்ரேர்ஜ் என்னும் வைத்தியப் பெண்மணியும். பெற்றோர் குடிக்கத் தொடங்கியது பிள்ளை பிறக்குமுன்னரா பின்னரா என்பதை அறியாமல் பிள்ளைக்குக் குடியால் தீங்கில்லை என்று எவ்வாறு கூறலாம் என்பது அவர் வினா. பியர்சன் விடாது விடையிறுத்தார். சிறுநூல்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன.

இப்பூசலில் வென்றவர் யார் என்று கூறுதல் எளிதன்று. ஒரே தெருவில் வாழும் குடியாதோர் பிள்ளைகளோடு ஒப்பிட்டன்றிக் குடியர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுதல் தகாது எனப் பியர்சன் வற்புறுத்தியது முற்றும் சரியே. அதற்குமுன் பேசியோருட் பலர் அதைச் செய்திலர். ஆயின் பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பிழைத்திருந்த பிள்ளைகளே. சலிவன் எண்ணிய குழந்தைகள் எந்த வாங்கிலும் அமர்ந்திருக்கவில்லை. மேலும் பியர்சன் நடுநின்றவர் அல்லர். மனித இனத்தைத் தெரிந்தெடுத்துப் பெருக்கல்வேண்டும் என்னும் கொள்கையினர் அவர். பிள்ளை கெட்டது குடியாலன்று, கெட்ட குலத்தாலே என்பது அவர் உள்ளக்கிடை. மதுவைக் குற்றத்தினின்று விடுவித்தவர், குலத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்.

குலத்தைக் குற்றஞ்சாட்டுவது எங்கே கொண்டுசென்று விடும் என்பதை உலகம் விரைவிற் கண்டது. 1907இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றிற்று. வேறு மாநிலங்களும் பின்பற்றின. 1933இல் ஹிட்லர் ஆட்சி இயற்றிய சட்டம், பரம்பரை நோயினரோடு கடுங்குடியரையும் கருத்தடைக்கு உரியவராக்கிற்று. மோரலின் நான்கு தலைமுறை அட்டவணை இவ்வாறு அறுவைக் கத்தியாய் முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், அமெரிக்காவில் ஆன் றோ என்னும் உளவியலறிஞர் வினாவைப் புதுவழியில் அணுகினார். குடியர்க்குப் பிறந்து, சிறுவயதிலே வேறு குடும்பங்களில் வளர்க்கப்பட்டோர் எவ்வாறு வாழ்கின்றனர்? 1944இலும் 1945இலும் வெளிவந்த அவர்தம் ஆராய்ச்சியில், குடியர்க்குப் பிறந்து பிறர் வளர்த்தோர்க்கும் குடியாதோர்க்குப் பிறந்து பிறர் வளர்த்தோர்க்கும் பெருவேறுபாடு காணப்படவில்லை. ஊசற்றராசு மறுபக்கம் சாய்ந்தது. வளர்ப்பே எல்லாம் என்று பேசத் தொடங்கினர். ஆராயப்பட்டோர் தொகை சிறிது என்பதைப் பலர் கருதவில்லை.

பிள்ளைகளின் அடங்காமை பற்றி ஆசிரியர்கள் கட்டாயம் அறியவேண்டிய நூல் 1966இல் வந்தது. லீ றொபின்ஸ் என்னும் சமூகவியலறிஞர், செயின்ற் லூயிஸ் நகரிற் சிறுவர் மனநல நிலையமொன்றின் 1920களின் ஏடுகளைத் தேடியெடுத்து, அங்குக் கொண்டுவரப்பட்ட 524 பிள்ளைகளையும், ஒப்பீட்டுக்காக அந்நகரப் பாடசாலைகளிற் பயின்ற வேறு 100 பேரையும் முப்பது ஆண்டுகளின் பின் தேடிச் சென்றார். அச்சம், கூச்சம் முதலியவற்றுக்காகக் கொண்டுவரப்பட்டோர் வளர்ந்தபின் ஏனையோரைப் போலவே வாழ்ந்தனர். களவு, பாடசாலைக்கு மட்டம் போடுதல், வீட்டைவிட்டோடுதல் ஆகியவற்றுக்காகக் கொண்டுவரப்பட்டோருட் பலர் சிறைசென்றனர், குடியராயினர். அன்னாரின் தந்தையரை நோக்கின், அவருள்ளும் குடியரும் ஒழுங்கு தவறியோரும் மிகுந்திருந்தனர். இதில் உற்றுநோக்கற்பாலது யாதெனின், வகுப்பின் மூலையில் வாய்திறவாதிருக்கும் பிள்ளையும் வகுப்பையே கலைக்கும் பிள்ளையும் ஒரே வழியிற் செல்பவரல்லர் என்பதே. தந்தையின் குடிக்கும் மகனின் குடிக்கும் இடையே பாலமாய் நிற்பது பெரும்பாலும் சிறுவயது அடங்காமை.

குருதியா வளர்ப்பா என்னும் வினா 1973இல் டென்மார்க்கிலிருந்து மீண்டும் எழுந்தது. அமெரிக்க மனநோய் வைத்தியர் டொனால்ட் குட்வினும் துணைவரும், கொப்பன்ஹேகன் நகரத் தத்துப் பதிவேடுகளைக் கொண்டு, பிறந்த ஆறு வாரங்களுக்குள் பிரிக்கப்பட்டு வேற்று வீடுகளில் வளர்ந்த ஆண்மக்களை ஆராய்ந்தனர். குடியர்க்குப் பிறந்த 55 பேருள் 18 சதவீதத்தினர் குடிநோயராயினர். ஏனையோர்க்குப் பிறந்த 78 பேருள் அது 5 சதவீதம். தந்தையின் முகமும் அறியாத மகனிடத்து இவ்வேறுபாடு தோன்றியமையால், பிறப்புக்கும் பங்குண்டு என்பதை மறுக்க இயலாதாயிற்று. செய்தியைப் படித்தோர் பலர் பதினெட்டையே கண்டனர். குடியர்க்குப் பிறந்தோருள் நூற்றுக்கு எண்பத்திருவர் குடிநோயராகவில்லை என்பதும் அதே ஏட்டில் உள்ளது. மோரலின் அட்டவணையில் அவ்வெண்பத்திருவர்க்கு இடமேயில்லை.

2004இல் மினசோட்டா மாநில இரட்டையர் குடும்பங்களை ஆராய்ந்தோர் இதனை மேலும் தெளிவித்தனர். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது பெரும்பாலும் குடிவேட்கையென்னும் தனிப்பண்பு அன்று. தன்னை அடக்கிக்கொள்ள இயலாமை என்னும் பொதுவான ஒரு சாய்வே. அது ஒருவனிடத்துக் குடியாகவும் மற்றொருவனிடத்துச் சிறுவயது முரட்டுத்தனமாகவும் வெளிப்படலாம் என்பது அவர் முடிபு. றொபின்ஸ் கண்ட பாலத்துக்கு இது விளக்கமாகின்றது.

அதே 1973இலேயே சலிவனின் சிறைக்குறிப்பும் உயிர்பெற்றது. 1968இற் பிரான்சின் நாந்த் நகரில் லெமுவான் என்னும் குழந்தை வைத்தியரும் பிறரும், குடிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரை ஆராய்ந்து, அவரிடத்துக் காணப்பட்ட ஒத்த முகவமைப்பையும் வளர்ச்சிக் குறைவையும் எழுதியிருந்தனர். அதனைப் பொருட்படுத்தியோர் குறைவு. ஐந்தாண்டுகளின் பின் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஜோன்ஸ், ஸ்மித் முதலானோர் அதே தோற்றத்தைத் தாமாகவே கண்டறிந்து, கருவுற்ற தாய் பருகும் மது சிசுவின் மூளையைத் தாக்கும் என்று நிறுவினர். அத்தகைய பிள்ளைகள் ஓரிடத்தில் அமர்ந்திருக்க மாட்டாமையும், சொன்னதை நினைவிற் கொள்ள மாட்டாமையும், செய்ததன் விளைவை உணர மாட்டாமையும் பிடிவாதமன்று, மூளையில் நேர்ந்த ஊறு என்பது அதன்பின் தெளிவாயிற்று. அதற்குமுன் எத்தனை பிள்ளைகள் இதற்காகப் பிரம்படி பட்டனரோ! 1981இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்தியர் கருவுற்றோர் மதுவை அறவே விடுக என்று அறிவித்தார். 1726ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு இது 255 ஆண்டுகள் தாழ்ந்து வந்த விடை.

இவ்வாறு குருதி, கருப்பை ஆகிய இரண்டும் தத்தம் பங்கைப் பெற்றபின், எஞ்சி நிற்பது வீடு. ஆய்வோர் இருநூறாண்டுகளாகப் பெற்றோரை எண்ணினர், இறந்த குழந்தைகளை எண்ணினர், மண்டையை அளந்தனர். பிள்ளைகளை அழைத்து அவர் கூறுவதைக் கேட்டோர் அரியர். கனடாவின் ரொறன்ரோ நகரிலே மார்கரெட் கோர்க் என்னும் சமூகசேவையாளர் 1969இல் வெளியிட்ட சிறுநூல் அக்குறையை நீக்கிற்று. பத்து முதல் பதினாறு வயதுக்குட்பட்ட குடியர் பிள்ளைகள் 115 பேரை அவர் கண்டு பேசினார். அவர்களைப் பெரிதும் வருத்தியது குடி அன்று. தாய் தந்தையரின் ஓயாச் சண்டையும், தம்மைக் கவனிப்பார் இன்மையுமே பிள்ளைகள் முதலிற் கூறியவை. குடியாத தாயும், குடிக்கும் கணவனைக் கவனிப்பதிலேயே நாளைக் கழித்துப் பிள்ளைக்கு எட்டாதவளாகிவிடுகின்றாள் என்பதும் அவர் கூற்றால் விளங்குகின்றது.

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான காவாயியில் 1955ஆம் ஆண்டிற் பிறந்த 698 குழந்தைகளை எமி வேர்ணர் என்னும் உளவியலறிஞர் துணைவரோடு பல பதின்மாண்டுகள் தொடர்ந்து நோக்கினார். அவர்களுட் குடியர் பிள்ளைகள் 49 பேரின் நிலையை 1986இல் அவர் வெளியிட்டார். பதினெட்டு வயதளவில் அவருள் 41 சதவீதத்தினர் பள்ளியிலோ வீட்டிலோ ஊரிலோ கடும் இடர்ப்பாடுடையோராயினர். ஏனை 59 சதவீதத்தினர் அவ்வாறாகவில்லை. தப்பியோரைத் தப்பாதோரினின்று பிரித்தவை பெரிய செயல்களல்ல. குழந்தைப் பருவத்தில் ஒருவரேனும் அன்புடன் பேணியமை, முதலிரண்டாண்டுகளில் வீட்டிற் பெரும்பூசல் நேராமை, தம் வாழ்வு தம் கையில் உள்ளது என்னும் நம்பிக்கை ஆகியனவே அவை. அத்தீவில் இடர்நிறைந்த வீடுகளிற் பிறந்து நன்னிலை எய்தியோரிடம், வீட்டுக்கு வெளியே தமக்குத் துணைநின்றவர் யார் என்று வினவியபோது, அவர் அடிக்கடி கூறிய பெயர் ஓர் ஆசிரியருடையதாக இருந்தது.